கழற்றிப் பூட்டிய கார்

சேஸிஸை விட்டு பாடியைத் தூக்குவது பெரிய காரியம் என்று நினைத்து, தெருவில் ஆறேழு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் நான்கு பேர் போதுமாக இருந்தது. நான், மெக்கானிக் அண்ணன், அவரிடம் வேலை பழகும் பையன், எதிர்வீட்டில் ஜிம்முக்குப் போகும் கல்லூரி மாணவன். முந்தைய நாளே பானெட்டைக் கழற்றி மாடிப்படி ஓரம் சாய்த்துவிட்டோம். கூரையும் தனியாக வந்துவிட்டது, எல்லாம் போல்ட்டுதான். மிச்சமிருந்த பின்பக்கத் தொட்டியை "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்லித் தூக்கி இரண்டு பழைய பெஞ்சுகள் மேல் வைத்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. குரோம்பேட்டை வீட்டு போர்ட்டிகோவில் பதினான்கு வருடம் அசையாமல் நின்ற கார் ஒன்றரை நாளில் துண்டு துண்டாகக் கிடந்தது. மூன்று போல்ட்டுகள் மட்டும் துருவேறித் தலை உடைந்தன. மற்றபடி ஸ்பேனர், எண்ணெய், கொஞ்சம் கெட்ட வார்த்தை. அவ்வளவுதான் செலவு.

மாமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துடா, அடியில சின்னச் சின்னத் தகடா இருக்கும். எது எங்க இருந்துச்சுன்னு எழுதி வச்சுக்க. மாத்திப் போட்டா கதவு சாத்தாது" என்றார். சரியாகத்தான் சொன்னார். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் இடைவெளி நிரப்ப ஒன்றோ இரண்டோ தகடுகள் சொருகியிருந்தார்கள். எல்லாவற்றையும் எண் போட்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு வைத்தேன்.

அது 1966-ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சிசி. மாமா 1976-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதே வேலையை ஒரு அம்பாஸடரிலோ பழைய ஃபியட்டிலோ வீட்டில் செய்திருக்க முடியாது. அவற்றின் உடம்பு, தரை, கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே ஓடு. அறுத்தால்தான் பிரியும். அந்தக் காலத்து இந்தியச் சாலையில் ஓடிய மூன்று கார்களில் இது மட்டும் மெக்கானோ பொம்மை மாதிரி கழன்று வருகிறதே, இப்படி ஒரு நல்ல புத்தி யாருக்கு வந்தது என்று தேடத் தொடங்கினேன். யாருக்கும் வரவில்லை. அது ஒரு வியாபாரச் சண்டையின் விளைவு.

*

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1903-ல் தொடங்கிய நிறுவனம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், திவாலாகிக் கிடந்த டிரையம்ப் என்கிற பெயரை வாங்கிக்கொண்டது. எஞ்சினைச் சொந்தமாகச் செய்தது. ஆனால் காரின் உடம்பை, அதாவது தகடு அடித்துப் பற்றவைக்கிற வேலையை, ஃபிஷர் அண்ட் லட்லோ என்கிற வெளிக் கம்பெனியிடம் கொடுத்திருந்தது. அன்றைக்குப் பல பிரிட்டிஷ் கார் நிறுவனங்கள் அப்படித்தான் நடந்தன.

1952-ல் ஆஸ்டினும் மாரிஸும் சேர்ந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. சுருக்கமாக பிஎம்சி. நம்மூர் அம்பாஸடர் எந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்ததோ, அந்த மாரிஸின் வீடு. அடுத்த வருடமே பிஎம்சி போய் ஃபிஷர் அண்ட் லட்லோவை விலைக்கு வாங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் மாடல்களுக்கு உடம்பு தருவோம், புதிய மாடலுக்குத் தர மாட்டோம் என்பது சேதி. போட்டிக்காரனுக்கு எதற்குத் தகடு அடித்துக் கொடுக்க வேண்டும்?

1950-களின் நடுவில் உலகம் முழுக்கக் கார்கள் ஒற்றை ஓட்டு முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதற்குப் பெரிய பிரஸ்களும் ஒரே கூரைக்குக் கீழ் முழு உடம்பையும் செய்து தரும் ஆலையும் வேண்டும். ஸ்டாண்டர்டுக்கு அது கிடைக்கவில்லை. அதனால் அதன் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் ஒரு தலைமுறை பின்னோக்கிப் போனார். தனியாக ஒரு இரும்புச் சட்டம். அதன்மேல் சின்னச் சின்னத் துண்டுகளாக உடம்பு. லிவர்பூலில் ஒரு பட்டறையில் ஒரு துண்டு, பர்மிங்காமில் இன்னொரு துண்டு என்று அடித்து வாங்கி, கோவென்ட்ரியில் போல்ட் போட்டுச் சேர்த்துவிடலாம். வடிவத்துக்கு இத்தாலியின் டூரின் நகரிலிருந்து ஜொவானி மிக்கெலோட்டியைப் பிடித்தார்கள். கூரான மூலைகள், மெல்லிய தூண்கள், பெரிய கண்ணாடிகள். உள்ளே இருந்த கட்டாயத்தை வெளியே இருந்த அழகு மறைத்துவிட்டது. 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது.

சட்டம் தனியாக இருந்ததால் இன்னும் சில விஷயங்கள் இலவசமாகக் கிடைத்தன. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். எஞ்சினில் வேலை செய்ய வேண்டுமென்றால் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். இன்றைய காரில் ஒரு பல்ப் மாற்ற பம்பரைக் கழற்றச் சொல்கிறார்களே, அவர்களுக்கு இதை ஒருமுறை காட்ட வேண்டும். முன் சக்கரங்கள் ரொம்பக் கூர்மையாகத் திரும்பும். லண்டன் டாக்ஸி மாதிரி 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். குரோம்பேட்டைச் சந்துகளில் மாமா ஒரே வீச்சில் யூ டர்ன் அடிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது அவருடைய திறமை என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

பின் சக்கரங்களின் கதை வேறு. அதற்குத் திரும்பி வருகிறேன்.

*

துண்டு துண்டாக இருக்கும் காரைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவது சுலபம். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஹெரால்டைப் பூட்டினார்கள். 1961-ல் சென்னையிலும் வந்தது.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் பழகிய பெயர். 1940-களின் கடைசியில் தொடங்கி, ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூரில் ஆலை வைத்து, முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென் என்று பூட்டிக்கொண்டிருந்தார்கள். 1953-ல் மத்திய அரசு ஒரு கோடு கிழித்தது. வெறுமனே பெட்டியைத் திறந்து பூட்டி விற்கிறவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாகப் பாகங்களை இங்கேயே செய்கிற திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. கார் செய்ய மிஞ்சியவர்கள் முக்கியமாக மூவர். கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு.

பாகங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்ற அந்த ஒற்றைக் கட்டளை சென்னையின் மேற்கு ஓரத்தையே மாற்றியது. பாடி பக்கம் 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. சக்கரம், டைனமோ, பிரேக். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் ஏற்கனவே இருந்தது. இதெல்லாம் ஹெரால்டுக்காக வந்தவை என்று சொன்னால் மிகை. லாரிகளும் டிராக்டர்களும்தான் பெரிய வாடிக்கை. ஆனால் இன்று சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று விளம்பரம் செய்கிறவர்கள் கதையை 1990-களின் நடுவில், ஹூண்டாயிலிருந்தும் ஃபோர்டின் மறுவருகையிலிருந்தும் தொடங்குகிறார்கள். அவர்கள் வந்து இறங்கியபோது போல்ட் திருகத் தெரிந்த கைகள் இங்கே முப்பது வருடமாகக் காத்திருந்தன என்பதைச் சொல்வதில்லை.

அம்மா வீட்டில் பிறந்த பெண்ணைப் புகுந்த வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, ஹெரால்டு இங்கே டிரையம்ப் ஆக இல்லை, ஸ்டாண்டர்டு ஆனது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே 1963-ல் தூக்கிவிட்டார்கள். 'ஸ்டாண்டர்டு' என்றால் ஒருகாலத்தில் தரமானது என்று பொருள்பட்டது. பின்னாளில் 'டீலக்ஸ்' வந்ததும் மட்டமானது என்று ஆகிவிட்டது. அங்கே செத்துப்போன பெயர் பெருங்களத்தூரில் இன்னும் கால் நூற்றாண்டு உயிரோடு இருந்தது.

*

இனி போர்ட்டிகோவுக்கு வருகிறேன்.

பாடியைத் தூக்கிய பிறகு சட்டத்தைக் கழுவிப் பார்த்தால் வண்டியின் சரித்திரம் முழுக்க அதில் எழுதியிருந்தது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் இரண்டு துருவில் கரைந்து, யாரோ ஒரு புண்ணியவான் லாரித் தகட்டை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார். வயரிங்கில் ஐந்து தலைமுறை கலர் வயர்கள். கதவின் கீழ்ப் பட்டியை ஒரு ஆணியால் கீறினால் கீழே பட்டி, அதற்கும் கீழே பட்டி. டிங்கர் தாத்தா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதுல தகடு இருக்கறதவிட பட்டி ஜாஸ்தி தம்பி" என்றார்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் டிரனியன் என்று ஒரு பித்தளைக் கட்டி இருக்கிறது. சக்கரம் திரும்பும்போது ஒரு திருகாணித் தண்டு அதற்குள் சுழலும். பிரிட்டனில் இந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் முதலில் சொல்லித்தருகிற பாடமே இதுதான்: அதற்குள் கியர் எண்ணெய் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் காய்ந்து வழியை அடைத்துக்கொள்ளும், உள்ளே ஈரம் புகுந்து தண்டு அரிக்கும், ஒருநாள் உடைந்து சக்கரம் மல்லாந்துவிடும். நம்மூரில் சர்வீஸுக்கு விட்டால் நிப்பிள் இருக்கிற இடத்திலெல்லாம் கிரீஸ் கன் வைத்து ஒரு அழுத்து. கழற்றிப் பார்த்தோம். கருப்பு மெழுகு மாதிரி கிரீஸ். இடதுபக்கத் தண்டில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம். மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். இதே தண்டு அமைப்பைத்தான் அந்தக் காலத்தில் லோட்டஸ் போன்ற பந்தயக் கார் செய்கிறவர்களும் வாங்கிப் பூட்டினார்கள். எண்ணெய் விட்டிருந்தால் போதும்.

அடுத்தது பின்பக்கம். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். 1959-ல் இந்த விலையில் ஒரு பிரிட்டிஷ் கார் அப்படி வந்தது பெரிய பெருமை. ஆனால் மலிவாகச் செய்த பெருமை. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில் மட்டும் மூட்டு. அங்கிருந்து சக்கரம் வரை ஒரே தண்டு. குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங் பட்டைக் கட்டு. பறவை இறக்கையை மடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்பக்கம் மடங்கும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால், பாரம் முன்னே போய், பின்பக்கம் எழும்பி, சக்கரம் மடங்கி, பிடிப்பு போய்விடும். வண்டியின் வால் முன்னே வரப் பார்க்கும்.

எங்கள் வண்டியில் பட்டைகளை எண்ணியபோது ஒன்று கூடுதலாக இருந்தது. எப்போதோ ஒருவர், குழியும் பாரமும் தாங்கட்டும் என்று, நல்ல எண்ணத்தில் சேர்த்திருக்கிறார். அதனால் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் தூக்கியே நின்றிருக்கிறது. அதாவது சக்கரங்கள் ஏற்கனவே பாதி மடங்கிய நிலையில்.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எழுபத்தொம்போதுல திருவண்ணாமலையிலேர்ந்து வந்துட்டிருந்தோம். திண்டிவனத்துக்கு முன்னாடி ஒரு வளைவு. மழை. நடுவுல எருமை. ஆக்ஸிலேட்டர விட்டு பிரேக்க மிதிச்சேன். வண்டி அப்படியே திரும்பி, வந்த வழியைப் பாத்து நின்னுது. உங்க அத்தைக்கு நெத்தியில அஞ்சு தையல். பெல்ட்டு கிடையாதே அப்ப." பிறகு, "டயரும் வழுவழுன்னு இருந்துச்சு. என் தப்புதான்" என்றார்.

அத்தையின் நெற்றியில் அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். பொட்டு பெரிதாக வைத்து மறைத்திருப்பார். குளியலறையில் வழுக்கி விழுந்தது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தை இறந்த வருடத்திலிருந்துதான் வண்டி போர்ட்டிகோவில் நின்றது.

*

வேலை தொடங்கும்போது எனக்கு ஒரே கொள்கைதான் இருந்தது. எல்லாம் ஒரிஜினல். கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. புதுப்பேட்டையில் அலைந்து பழைய லூகாஸ் விளக்கு வளையம் ஒன்றைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை. அவருக்கு வேண்டியது டிஸ்க் பிரேக், சீட் பெல்ட், நல்ல வெளிச்சம். முடிந்தால் மாருதி எஞ்சின். "நீ பாக்கறது ஹிஸ்டரி. நான் ஓட்டினது வண்டிடா" என்றார். வயதானவர்களுக்குத்தான் பழசின் மேல் ஆசை என்று யார் சொன்னது?

ஒரிஜினல் என்ற சொல்லை நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதால், அதைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. எந்த ஒரிஜினல்? கோவென்ட்ரிக்காரர்கள் வேண்டியது ஒற்றை ஓட்டுக் கார், கிடைத்தது இது. சென்னையில் இரண்டு கதவு வண்டிக்கு நம் குடும்பங்கள் பொருந்தவில்லை. அதனால் 1960-களின் கடைசியில் ஹெரால்டு மார்க் த்ரீயில் நான்கு கதவு வைத்தார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு ஹெரால்டு கிடையவே கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் அதையே முகம் மாற்றி கெஸல் என்று விட்டபோது, அந்தத் தனித்தனிப் பின் சக்கர அமைப்பையே தூக்கி எறிந்துவிட்டு, அம்பாஸடர் மாதிரி நேரான ஆக்ஸிலைப் போட்டார்கள். இங்கத்திய மெக்கானிக்குகளுக்கும் வாங்குகிறவர்களுக்கும் அதுதான் நம்பிக்கையாக இருந்தது. ஒரு தொழில்நுட்பத்தைப் பின்னோக்கித் திருப்பி அதற்குப் புது மாடல் என்று பெயர் வைத்ததைப் பலரும் கிண்டலடிக்கிறார்கள். மாமா கிண்டலடிக்கவில்லை. "கம்பெனிக்காரனே மாத்திட்டான். நீ ஏன் அதைக் கட்டிப்பிடிச்சிட்டிருக்க?"

இன்னொரு தொல்லை பெட்ரோல். 1966-ல் இந்த எஞ்சின் குடித்தது ஈயம் கலந்த பெட்ரோல். அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் நின்றுவிட்டது. பிறகு 2023-ல் தொடங்கி இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வந்து, 2025-க்குள் அதுவே வழக்கமாகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் எத்தனால் தின்றுவிடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஆக, ஒன்றையும் மாற்றாமல் ஓட்டினால் எரிந்துபோகக்கூடிய வண்டி இது. சிலிண்டர் ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து வெளியேற்று வால்வுகளுக்குக் கடினமான வளையம் போட்டோம். குழாய்கள் எல்லாம் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாறின. அங்கேயே என் கொள்கை பாதி போய்விட்டது.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் மாமா தோற்றார். தோற்கடித்தது நான் இல்லை, சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி வந்தது. ஐம்பது வருடம் தாண்டிய, ஒரிஜினல் வடிவில் இருக்கும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளை அப்படிப் பதியலாம். பத்து வருடத்துக்குச் செல்லும். ஏற்கனவே எண் வைத்திருக்கிற எங்கள் மாதிரி வண்டி தன் பழைய மெட்ராஸ் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் வெளியே எடுக்கலாம்.

பிரிட்டனில் பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தார்கள். திருத்திக் கட்டிய பழைய கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ள எட்டு மதிப்பெண் வேண்டும். சேஸிஸுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. எஞ்சினை ஆத்மா மாதிரி பேசுகிறோம். அந்த ஊர் குமாஸ்தா அதை ஒரு மார்க்குக்கு மேல் மதிக்கவில்லை. நம்மூரில் அதன் எண் அப்படியே ஆர்.சி.யில் குந்தியிருக்கிறது.

அதனால் எங்கள் முன் இரண்டு வழி. வின்டேஜ் என்று பதிந்து பொம்மையாக வைத்துக்கொள்வது. இல்லையென்றால் சாதாரண வண்டியாகவே எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. நான் முதல் வழியைச் சொன்னேன். செலவு கம்மி, கௌரவம் ஜாஸ்தி. மாமா ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஓட்டாம எதுக்குடா?"

*

டிஸ்க் பிரேக்கைத் தேடப்போனபோதுதான் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. நாங்கள் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனில் 1961-லிருந்தே ஹெரால்டு வாங்குகிறவர் கேட்டால் முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1962-ல் இதே சேஸிஸின் குட்டையான தம்பியாக ஸ்பிட்ஃபயர் வந்தது; அது 1980 வரை ஓடியது. அதன் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தண்டு, ஹப், டிஸ்க், கேலிப்பர் எல்லாம் நம் வண்டியில் அப்படியே உட்காரும். அந்த அரித்துப்போன தண்டை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சுங்க வரியோடு சேர்த்து மாமாவின் ஒரு மாத பென்ஷனுக்கு மேல் வந்தது. பெட்டி வந்த அன்று அதைப் பிரித்து, கேலிப்பரைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இது அன்னிக்கு இருந்திருந்தா" என்று தொடங்கினார். பிறகு வாக்கியத்தை முடிக்கவில்லை.

பழைய பிரேக்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்காவது ஒரு குழாய் போனால் மிதி தரையைத் தொடும், நான்கும் போச்சு. இரண்டாகப் பிரிந்த மாஸ்டர் சிலிண்டர் போட்டோம். முன்னால் போனாலும் பின்னால் பிடிக்கும். டைனமோவைக் கழற்றி வைத்தேன். சிக்னலில் நின்றால் விளக்கு மங்கி, சிவப்பு பல்ப் கண் சிமிட்டும் அந்தக் காட்சியை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அந்தக் கால லூகாஸ் வழக்கப்படி பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு இணைந்திருந்தது. ஆல்டர்னேட்டருக்காக அதைத் தலைகீழாக்கினோம். ஆம்மீட்டர் வயர்களை மாற்ற மறந்ததால், ஒரு வாரம் முழுக்க சார்ஜ் ஏறும்போதெல்லாம் முள் இறங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது; எல்.இ.டி. விளக்கு போட்டோம். வளையம் மட்டும் நான் கண்டுபிடித்த அந்தப் பழைய வளையம்.

பின் பட்டையில் நாங்கள் நிறைய யோசித்தோம். பிரிட்டனில் 1970-ல் ஸ்பிட்ஃபயருக்காகவே ஒரு தீர்வு வந்தது. பட்டைக் கட்டில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு மற்றவற்றை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டார்கள். வளைவில் பின்பக்கம் எழும்புவது அடங்கியது. அதை வரவழைக்கப் பணம் மிச்சமில்லை. தாம்பரம் பக்கம் லாரிகளுக்குப் பட்டை அடிக்கிற பட்டறைக்குக் கொண்டுபோனோம். கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு, மற்றவற்றின் வளைவைக் கொஞ்சம் தட்டிக் குறைத்துத் தரச் சொன்னோம். பட்டறைக்காரருக்குக் கோபம். "எல்லாரும் ஏத்தித்தான் கேப்பாங்க. நீங்க எறக்கச் சொல்றீங்க. ஸ்பீட் பிரேக்கர்ல அடிவாங்கும் சார்." அவர் சொன்னதும் நிஜம்தான். வண்டி பின்னால் கொஞ்சம் குந்தினால் வளைவில் பத்திரம்; எங்கள் தெருவின் ஸ்பீட் பிரேக்கரில் ஆபத்து. மூன்றுமுறை கழற்றி மூன்றுமுறை பூட்டி, சைலன்ஸர் லேசாக உரசும் உயரத்தில் நிறுத்தினோம். அந்தக் கூடுதல் பட்டையை முதலில் சேர்த்தவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த ஸ்பீட் பிரேக்கரில் போய்விட்டது. அவர் தன் காலத்துச் சாலைக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

எண் போட்டு வைத்த தகடுகளில் ஒன்று மட்டும் காணாமல் போனது. இடது கதவு கடைசி வரை ஒரு நூல் தூக்கியே நிற்கிறது. சீட் பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளே தகடு வைத்துத் துளை போட்டபோது டிங்கர் தாத்தா, "பழைய வண்டிக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டார். மாமா கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

*

பெருங்களத்தூர் ஆலை 1970-களின் பிற்பகுதியில் கெஸலோடு கார் செய்வதை நிறுத்தி, வேன்களோடு காலம் தள்ளியது. 1985-ல் மீண்டும் ஒரு கார் வந்தது, ஸ்டாண்டர்டு 2000. பிரிட்டனில் ஓய்வுபெறப்போகிற ரோவரின் அழகான உடம்பு. உள்ளே வேன்கார்டு காலத்து வழிவந்த பழைய இரண்டு லிட்டர் எஞ்சின். நாங்கள் போர்ட்டிகோவில் யோசித்ததற்கு நேர் எதிரான காரியம்: வெளியே புதுசு, உள்ளே பழசு. விலை அதிகம், பெட்ரோல் அதிகம், வேகம் குறைவு. அதற்குள் மாருதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 1988-ல் எல்லாம் நின்றது. பின்னாளில் ஆலையில் மிச்சமிருந்த ரோவர் பாகங்களைப் பிரிட்டனின் ஒரு பழைய கார் உதிரிபாகக் கடைக்காரர்கள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். கோவென்ட்ரியிலிருந்து பெட்டியில் வந்த கதை பெட்டியிலேயே திரும்பிப் போனது. இடத்தில் இப்போது ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும்.

எஃப்.சி. கிடைத்த மறுநாள், ஞாயிறு, விடியற்காலை ஐந்தரைக்கு மாமா வண்டியை எடுத்தார். முதலில் பெல்ட். என்னுடையதையும் இழுத்துப் பார்த்தார். ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர் மேம்பாலத்துக்கு முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. மிதித்தார். வண்டி நேராக நின்றது. பின்னால் வந்த டூவீலர்காரர் திட்டிவிட்டு, காரைப் பார்த்ததும் போனை எடுத்து போட்டோ பிடித்தார்.

மூன்றாவது கியரில் ஒரு சின்ன முனகல் இருக்கிறது. கியர்பாக்ஸைப் பிரித்தால் சரியாகிவிடும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

"அது நான் வாங்குனப்பலேர்ந்து இருக்கு. அத்தை கூடச் சொல்லுவா, உங்க வண்டி தெருமுனை திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும்னு. அதத் தொடாத" என்றார்.